பெரியோஸ்டினைத் தேடும் முன்: சுண்டெலிக் கடைவாய்ப்பல்லில் பிடிஎல் மேட்ரிக்ஸைப் படிக்கத் தொடங்குவோருக்கு

பல் நேரடியாக எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. வேரின் மேல் படிந்த சிமெண்டத்துக்கும் பல்குழி எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய நார்த்திசு இருக்கிறது. மனிதரில் அதன் அகலம் 0.15 முதல் 0.38 மி.மீ. வரை, வேரின் நடுப்பகுதியில்தான் மிகக் குறுகல். சுண்டெலியில் ஏறக்குறைய 0.1 மி.மீ., பல இடங்களில் அதற்கும் கீழே. பெரியோடான்டல் லிகமென்ட் என்பது இதன் முழுப்பெயர். ஆய்வகத்தில் எல்லோரும் பிடிஎல் என்றே சொல்வார்கள்.

இந்தத் திசு உருவாகும்போது மேட்ரிக்ஸ் புரதங்கள், அதாவது செல்களுக்கு வெளியே படிந்து திசுவைத் தாங்கும் புரதங்கள், என்ன செய்கின்றன என்று பார்க்க வருபவர்கள் முதலில் ஆன்டிபாடிப் (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டும் புரதம்) பட்டியலைத்தான் திறக்கிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. படம் தவறாகப் போவது பெரும்பாலும் ஆன்டிபாடியால் அல்ல. எலிக்குட்டிக்கு எத்தனை நாள் வயது, செக்‌ஷன் (திசுவின் மெல்லிய சீவல்) எந்தக் கோணத்தில் வெட்டப்பட்டது, வேரின் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்ற மூன்றையும் முன்கூட்டியே தீர்மானிக்காததால்தான்.

எந்தப் புரதம், எங்கே

பிடிஎல்லின் மூலம் டென்டல் ஃபாலிக்கிள். கருவின் நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து வந்து, வளரும் பல்லைச் சுற்றிப் பை போல நிற்கும் திசு அது. வேர் நீளத் தொடங்கியதும் அதைச் சுற்றியுள்ள செல் போர்வையான ஹெர்ட்விக் வேருறை ஆங்காங்கே துளைவிடுகிறது. அந்தத் துளைகள் வழியாக ஃபாலிக்கிள் செல்கள் பல்லின் உள் கடினத் திசுவான டென்டினைத் தொட்டுச் சிமெண்டத்தைப் படியவைக்கும் செல்களாகின்றன. வெளிப்புறத்தில் உள்ளவை எலும்பைப் படியவைக்கின்றன. நடுவில் நிற்பவை நார்த்திசுச் செல்களான ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளாகி நார் நெய்கின்றன.

நாரின் பெரும்பகுதி கொலாஜன். அதில் முக்கால் பங்குக்கு மேல் முதல் வகை, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மூன்றாம் வகை, மிச்சம் ஐந்து, ஆறு, பன்னிரண்டு போன்ற சிறு பங்கு வகைகள். பிடிஎல்லின் கொலாஜன் இழைகள் மெலிந்தவை. சராசரி விட்டம் 45 முதல் 55 நானோமீட்டர்தான். இங்கே கொலாஜன் ஈறிலும் தோலிலும் நடப்பதைவிட வேகமாக அழிந்து புதிதாகிறது, ஒரே ஃபைப்ரோபிளாஸ்ட் ஒரு முனையில் நெய்து மறுமுனையில் விழுங்கவும் செய்கிறது. தடித்து முதிர அதற்கு நேரமில்லை.

கொலாஜனைத் தவிர, புதிதாக வருபவர் அறிய வேண்டிய முதல் பெயர் பெரியோஸ்டின். 1993இல் எலும்புச் செல் வரிசையொன்றில் கண்டறியப்பட்டபோது ஓஎஸ்எஃப்-2 என்று பெயர் பெற்றது. எலும்பின் மேலுறையான பெரியோஸ்டியத்திலும் பிடிஎல்லிலும் நிறைந்திருப்பது தெரிந்ததும் 1999இல் இப்போதைய பெயர் வந்தது. எடை சுமார் 90 கிலோடால்டன். இது தானே இழையாவதில்லை. கொலாஜனையும், மற்ற மேட்ரிக்ஸ் புரதங்களான ஃபைப்ரோநெக்டின், டெனாசின்-சி ஆகியவற்றையும் பிடித்துக்கொள்கிறது. கூடவே பிஎம்பி-1 என்ற நொதியை மேட்ரிக்ஸில் நிறுத்துகிறது. அந்த நொதி லைசில் ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியைத் தூண்டிவிட, லைசில் ஆக்சிடேஸ் கொலாஜன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புப் போடுகிறது. பெரியோஸ்டின் இல்லாவிட்டால் கொலாஜன் இருக்கும், ஆனால் பலமிருக்காது.

2005இல் வெளியான, பெரியோஸ்டின் அற்ற (அதன் மரபணு செயலிழக்கச் செய்யப்பட்ட) எலிகள் பற்றிய ஆய்வை இந்தத் துறைக்கு வரும் எவரும் படித்தாக வேண்டும். அந்தக் குட்டிகள் பிறக்கும்போது வித்தியாசமில்லாமல் இருந்தன. பல் முளைத்து மெல்லத் தொடங்கிய பிறகுதான் பிடிஎல் சிதைந்தது, எலும்பு கரைந்தது. மென்மையான தீனி கொடுத்தபோது சேதம் குறைந்தது. ஆகவே பெரியோஸ்டினின் வேலை திசு உருவாகும்போதே தொடங்கினாலும், அது இல்லாததன் விளைவு கடிவிசை வந்த பிறகே முழுதாகத் தெரிகிறது. பிறந்த ஏழாம் நாளில் மட்டும் பார்த்துவிட்டு வித்தியாசமில்லை என்று எழுதுவது எவ்வளவு பெரிய தவறாகும் என்று பாருங்கள்.

ஆஸ்போரின் என்ற புரதத்துக்கு இங்கே பிளாப்-1 என்றும் பெயர். எலும்பு உருவாகத் தூண்டும் பிஎம்பி-2 என்ற புரதத்தின் தூண்டுதலை அடக்கி, பிடிஎல் எலும்பாகிவிடாமல் காப்பதில் அதற்குப் பங்குண்டு. டெக்கோரின், பைகிளைக்கான், ஃபைப்ரோமாடுலின், லூமிக்கான் போன்ற சிறு புரோட்டியோகிளைக்கான்கள் (சர்க்கரைச் சங்கிலி சேர்ந்த புரதங்கள்) இழையின் தடிமனையும் வடிவத்தையும் ஒழுங்குபடுத்துகின்றன. ஆக்சிடலான் நார்கள் ஃபைப்ரில்லின்-1 நுண்ணிழைகளால் ஆனவை, எலாஸ்டின் இல்லாதவை. அவை கொலாஜன் நார்களைப் போல வேரிலிருந்து எலும்புக்குப் போகாமல் பெரும்பாலும் வேருக்கு இணையாக ஓடுகின்றன. எலும்பு சையலோபுரதமும் ஆஸ்டியோபான்டினும் பிடிஎல்லுக்குள் அல்ல, அதன் இரு கரைகளில் உள்ள கனிமத் திசுக்களில் இருக்கின்றன. அவற்றைப் பிடிஎல் ஆய்வில் விட்டுவிடக் கூடாது. எலும்பு சையலோபுரதம் அற்ற எலியில் செல்லற்ற சிமெண்டம் சரியாகப் படிவதில்லை. நங்கூரம் பாய்ச்ச இடமில்லாததால் நார் வேரிலிருந்து கழன்றுவிடுகிறது.

வயதைத் தேர்வது

தொடக்கத்துக்குக் கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லே போதும். அதற்கு முன், பின் என்று இரண்டே வேர்கள். ஒரே செக்‌ஷனில் இரண்டையும் பார்க்கலாம். மேல்தாடைப் பல்லுக்கு மூன்று வேர்கள் இருப்பதால் கோணம் பிடிப்பது சிரமம். கீழ் வெட்டுப்பல் கடைவாய்ப்பற்களுக்கு அடியில் நீண்டு கிடக்கும். வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் அந்தப் பல்லின் பிடிஎல் வேறு கதை. அதைக் கடைவாய்ப்பல்லின் படத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

7, 14, 21, 28 ஆகிய நாட்களை எடுங்கள். 7ஆம் நாளில் வேர் குட்டையாக இருக்கும்; ஃபாலிக்கிள் செல்கள் ஒழுங்கின்றி நிற்கும், ஃபைப்ரோநெக்டின் செல்களை ஒட்டித் தெரியும். 14ஆம் நாளில் பல் ஈறைத் துளைக்கத் தயாராக இருக்கும். சிமெண்டத்தின் பக்கத்தில் மெல்லிய நார்கள் நெருக்கமாக நீட்டத் தொடங்கும். எலும்பின் பக்கத்தில் நார்கள் தடிமனானவை, இடைவெளி விட்டு நிற்பவை. 21ஆம் நாளை ஒட்டி மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கின்றன. அதன் பிறகு இரு பக்க நார்களும் இணைந்து சாய்வு நார்கள் தெளிவாகின்றன. 28ஆம் நாளில் முதிர்ந்த அமைப்பை எதிர்பார்க்கலாம். பன்னிரண்டாம் வகைக் கொலாஜனும் இப்படி நார் சீராக அடுக்கப்படும் கட்டத்தில்தான் தெளிவாக வரும்.

பிறந்த நாளை 0 என்று எண்ணுவதா 1 என்று எண்ணுவதா என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். ஒரே ஈற்றில் பன்னிரண்டு குட்டி இருந்தால் அவை மெலிந்திருக்கும், பல்லும் பின்தங்கும். குட்டியின் எடையைக் குறித்துக்கொண்டு, கடைசியில் செக்‌ஷனில் வேரின் நீளத்தையும் அளந்து, சம நீள வேர்களையே ஒப்பிடுவது நாள்காட்டியை மட்டும் நம்புவதைவிட நல்லது. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இவற்றுக்கெல்லாம் முன்பு வர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எடுத்தல், ஃபிக்ஸ் செய்தல் (திசு கெடாமல் நிலைநிறுத்தல்)

தாடையை நடுவில் பிரித்துத் தசையைச் சுரண்டி எடுங்கள். ஈறைத் தொட வேண்டாம். 14 நாளுக்கு மேற்பட்ட எலியானால் பின்பக்கத் தாடைக்கிளையையும் வெட்டுப்பல்லின் முன்முனையையும் வெட்டிவிடுங்கள். திரவம் உள்ளே போக வழி கிடைக்கும்.

பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபரில் புதிதாகத் தயாரித்த 4% பாராஃபார்மால்டிஹைடு, திசுவின் கனஅளவைப் போல 20 மடங்கு, 4 °செ., 24 மணி நேரம். அதற்கு மேல் விட்டால் புரதங்களின் அடையாளப் பகுதிகள் மூடிக்கொள்ளும். பிறகு எந்த ஆன்டிபாடியும் உட்காராது. வெள்ளிக்கிழமை மாலை போட்டுத் திங்கள்கிழமை எடுப்பது பல ஆய்வகங்களில் வழக்கம். விட்டுவிட வேண்டிய வழக்கம்.

கால்சியம் நீக்கம்

எலும்பையும் பல்லையும் மெல்லியதாகச் சீவ, அவற்றின் கால்சியத்தை முதலில் நீக்க வேண்டும். புதியவர்கள் அவசரப்பட்டுக் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான். நைட்ரிக், ஃபார்மிக் அமிலங்கள் ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடும். வழக்கமான திசுச் சாயமான ஹெமடாக்சிலின்-இயோசினுக்கு அது போதும். புரதத்தை ஆன்டிபாடியால் பார்க்க வேண்டுமென்றால் கால்சியத்தைப் பிடித்து மெதுவாக நீக்கும் இடிடிஏ தவிர வேறு வழி தேடாதீர்கள்.

ஒரு லிட்டர் 10% கரைசலுக்கு டைசோடியம் இடிடிஏ டைஹைட்ரேட் 100 கிராம். 800 மி.லி. நீரில் போட்டுக் கலக்கினால் அது கரையாமல் வெள்ளையாக மிதக்கும். பயப்பட வேண்டாம், பிஎச் ஏறினால்தான் கரையும். சோடியம் ஹைட்ராக்சைடு குருணைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஏறக்குறைய 10 கிராமில் கரைந்து தெளிந்து பிஎச் 7.4ஐ எட்டும். பிறகு லிட்டராக்குங்கள். கரையவில்லையே என்று சூடாக்கி, காரத்தை அள்ளிக்கொட்டி, பிஎச் 10க்குக் கொண்டுபோனவர்களின் திசு ஊறி உப்பியிருக்கும்.

திசுவைப் போல 20 முதல் 30 மடங்கு கரைசல், மெதுவாக ஆடும் மேடை, இரண்டு நாளுக்கு ஒருமுறை புதுக் கரைசல். 7 நாள் குட்டிக்கு 3 முதல் 5 நாள். 14 நாள் குட்டிக்கு ஒன்று முதல் இரண்டு வாரம். 28 நாள் எலிக்கு இரண்டு முதல் மூன்று வாரம். 4 °செ.இல் இன்னும் மெதுவாகும், ஆனால் புரதம் நன்றாகக் காக்கப்படும். ஒப்பிடப்போகும் எலிகள் எல்லாவற்றையும் ஒரே காலம் ஊறவைக்க வேண்டும். ஒன்றை ஒரு வாரமும் மற்றொன்றை மூன்று வாரமும் ஊறவைத்துவிட்டு ஒளிர்வின் வலுவை ஒப்பிட முடியாது.

முடிந்துவிட்டதா என்று அறிய எக்ஸ்-ரேதான் நம்பகமானது. பல்லில் ஊசி குத்திப் பார்ப்பது வேண்டவே வேண்டாம், ஊசி கிழிப்பது நீங்கள் பார்க்கப்போகும் பிடிஎல்லைத்தான். அமிலக் கரைசலுக்குச் செய்யும் அம்மோனியம் ஆக்சலேட் சோதனையை இடிடிஏவில் அப்படியே செய்தால் கால்சியம் இருந்தாலும் வீழ்படிவு வராது, இடிடிஏ கால்சியத்தை விடாமல் பிடித்திருக்கும். கரைசலை முதலில் அமிலமாக்கினால்தான் சோதனைக்குப் பொருளுண்டு.

முடிந்ததும் பஃபரில் பல மணி நேரம், மாற்றி மாற்றிக் கழுவுங்கள். கழுவாமல் எத்தனாலுக்குப் போனால் இடிடிஏ திசுவுக்குள்ளேயே படிகமாகிவிடும்.

கோணமும் பக்கமும்

பாராஃபினில் தாடையின் நாக்குப்பக்கத்தையோ கன்னப்பக்கத்தையோ கீழே வைத்துப் பதியுங்கள். 5 மைக்ரான் தடிமன். முன்வேர், பின்வேர் இரண்டிலும் பல்கூழ் அறையிலிருந்து வேர்நுனி வரை பல்கூழ்க் குழாய் தொடர்ச்சியாகத் தெரியும் தளமே சரியான தளம். ஒரு வேர் முழுதாகவும் மற்றது பாதியாகவும் தெரிந்தால் பிளாக்கை இரண்டு மூன்று டிகிரி சாய்த்துப் பாருங்கள். வேரைத் தொட்டும் தொடாமலும் சீவிய செக்‌ஷனில் பிடிஎல் இயல்பைவிட அகலமாகத் தெரியும், நார்கள் கோடுகளாக இல்லாமல் புள்ளிகளாகத் தெரியும். இந்தச் செக்‌ஷனில் எடுத்த அளவு எதுவும் செல்லாது.

பக்கம் என்பது இன்னும் நுட்பமானது. எலியின் கடைவாய்ப்பற்கள் இயல்பாகவே மெல்லப் பின்னோக்கி நகர்கின்றன, மனிதரில் முன்னோக்கி. ஆகவே எலியின் வேருக்குப் பின்பக்கமுள்ள எலும்பு கரைந்துகொண்டிருக்கும், முன்பக்கமுள்ள எலும்பு படிந்துகொண்டிருக்கும். இரண்டு பக்கத்து மேட்ரிக்ஸும் ஒன்றுபோல இருக்காது. ஒரு எலியில் முன்பக்கத்தையும் அடுத்ததில் பின்பக்கத்தையும் படமெடுத்து ஒப்பிட்டால் இல்லாத வித்தியாசம் கிடைக்கும். பின்வேரின் முன்பக்கம், நடு மூன்றிலொரு பகுதி என்பதைப் போல ஒரே இடத்தை முடிவு செய்து கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பிடிஎல் நடுவில் கிழிந்து வெற்றிடம் தெரிந்தால் அது நோயா, கத்தி செய்த வேலையா என்ற கேள்வி வரும். இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று பொருந்துகிற வடிவில், நடுவில் செல் எதுவுமில்லாமல் சுத்தமாக இருந்தால் அது கிழிசல்தான். மெழுகு சரியாக இறங்கவில்லை, கால்சியம் மிச்சமிருந்தது, அல்லது பிளேடு மழுங்கியது. உண்மையான பிரிவில் விளிம்புகள் சிதைந்திருக்கும், இடைவெளியில் செல்களோ வேறு திசுவோ புகுந்திருக்கும், வேறு செக்‌ஷன்களிலும் அதே இடத்தில் திரும்பத் தெரியும்.

முதலில் பிக்ரோசிரியஸ் ரெட்

ஆன்டிபாடிக்கு முன் இதைச் செய்யுங்கள். விலை குறைவு, நார்களின் திசையை உடனே காட்டிவிடும். செறிவூட்டிய பிக்ரிக் அமிலத்தில் 0.1% சிரியஸ் ரெட், ஒரு மணி நேரம், 0.5% அசெட்டிக் அமிலம் கலந்த நீரில் இரண்டு முறை கழுவல்; நேராகத் தூய எத்தனால், பிறகு சைலீன். குழாய் நீரில் நெடுநேரம் கழுவினால் சாயம் போய்விடும். பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கக்கூடியது, ஆகவே எப்போதும் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். பழைய பாட்டிலின் மூடியில் மஞ்சள் படிகம் ஒட்டியிருந்தால் திறக்காமல் பாதுகாப்புப் பொறுப்பாளரை அழையுங்கள்.

முனைவாக்கிய ஒளியில் சிவப்பு முதல் வகைக் கொலாஜன், பச்சை மூன்றாம் வகை என்று இன்னமும் எழுதுகிறார்கள். தவறு. நிறம் நாரின் தடிமன், அடர்த்தி, திசை, செக்‌ஷனின் தடிமன் ஆகியவற்றைப் பொறுத்தது, கொலாஜன் வகையை அல்ல. வகை வேண்டுமென்றால் ஆன்டிபாடிதான். மேலும், முனைவாக்கியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் நார் கறுப்பாகத் தெரியும். அங்கே கொலாஜன் இல்லை என்று நினைத்துவிடாமல் மேடையை 45 டிகிரி திருப்பிப் பாருங்கள்.

இப்போது ஆன்டிபாடி

மெழுகு நீக்கிய செக்‌ஷனில் அடையாளப் பகுதிகளைத் திறக்க வேண்டும். மைக்ரோவேவில் கொதிக்கவைத்தால் பல்லும் எலும்பும் ஸ்லைடிலிருந்து எழுந்து மிதக்கும். பிஎச் 6.0, 10 மில்லிமோலார் சிட்ரேட் பஃபரில் 60 °செ., இரவு முழுக்க வைப்பது மெதுவானது, ஆனால் திசு நிலைத்திருக்கும். மின்னேற்றமுள்ள ஸ்லைடுகளையே பயன்படுத்துங்கள். சில கொலாஜன் ஆன்டிபாடிகளுக்குச் சூட்டைவிட ஹயலுரோனிடேஸ் நொதியில் 37 °செ., 30 நிமிடம் நன்றாக வேலை செய்யும்; நாரைச் சுற்றியுள்ள சர்க்கரைப் போர்வையை அது விலக்குகிறது.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க, 5% ஆட்டு சீரம், 1% பிஎஸ்ஏ (மாட்டு சீரம் அல்புமின்) கலந்து ஒரு மணி நேரம் தடுப்பு. பெரியோஸ்டின் ஆன்டிபாடியை 1:100, 1:300, 1:1000 என மூன்று செறிவில் சோதித்து, 4 °செ.இல் இரவு முழுக்க வையுங்கள். முயலில் தயாரித்ததை வாங்குங்கள். எலித் திசுவில் எலி ஆன்டிபாடியைப் போட்டால், அதைப் பிடித்து ஒளிர வேண்டிய இரண்டாம் ஆன்டிபாடி திசுவின் சொந்த இம்யூனோகுளோபுலின்களையும் சேர்த்துப் பிடிக்கும், பிடிஎல்லின் இரத்தக் குழாய்கள் எல்லாம் பளபளக்கும். இரண்டாம் ஆன்டிபாடி 1:500, ஒரு மணி நேரம். அதைச் செஞ்சிவப்பு அலைநீளத்தில் தேர்ந்தெடுங்கள். டென்டினும் கொலாஜனும் சிவப்பணுக்களும் நீலத்திலும் பச்சையிலும் தாமே ஒளிரும்.

படம் சரியா என்று சொல்லும் சாட்சிகள் அதே ஸ்லைடிலேயே உண்டு. தாடையின் பெரியோஸ்டியம் ஒளிர வேண்டும். ஒளிராவிட்டால் ஆன்டிபாடி வேலை செய்யவில்லை. டென்டின் ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் நீங்கள் பார்ப்பது பெரியோஸ்டின் அல்ல. முதல் ஆன்டிபாடி சேர்க்காத ஸ்லைடு ஒவ்வொரு முறையும் கட்டாயம். பெரியோஸ்டின் அற்ற எலியின் திசு கிடைத்தால் அதைவிட நல்ல கட்டுப்பாடு இல்லை.

எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய மரபணு தரும் செய்தி நகல்) முடிவோடு இது ஒத்துப்போகாமல் இருக்கலாம். மேட்ரிக்ஸ் புரதம் ஒருமுறை படிந்தால் அதன் எம்ஆர்என்ஏ குறைந்த பிறகும் அங்கேயே இருக்கும். முரண்பாடு என்று பதறுவதற்கு முன் இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அளக்கும்போது ஒரு எலிக்கு மூன்று செக்‌ஷன், ஒவ்வொன்றிலும் முடிவு செய்த இடத்தில் மூன்று முதல் ஐந்து அளவுகள் எடுத்து, எல்லாவற்றையும் அந்த எலியின் ஒரே எண்ணாகச் சுருக்குங்கள். புள்ளியியலில் எண்ணிக்கை என்பது எலிகளின் எண்ணிக்கை. மூன்று எலியில் 45 அளவு எடுத்துவிட்டு 45 என்று எழுதினால் நல்ல மதிப்பாய்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

செல் வளர்ப்பில் பார்க்க விரும்பினால்

எலி இல்லாமலும் ஒரு பகுதியைப் படிக்கலாம். பல்வரிசை சீராக்கும் சிகிச்சைக்காக எடுக்கப்படும் ஆரோக்கியமான முன்கடைவாய்ப்பற்கள், ஒப்புதலோடும் நெறிமுறைக் குழு அனுமதியோடும் கிடைத்தால், நல்ல மூலம். வேரின் நடு மூன்றிலொரு பகுதியை மட்டும் சுரண்டுங்கள். மேலே போனால் ஈறுச் செல்கள் வரும், நுனிக்குப் போனால் பல்கூழ்ச் செல்கள் வரும். மி.லி.க்குக் கொலாஜனேஸ் 3 மி.கி., டிஸ்பேஸ் 4 மி.கி., 37 °செ., ஒரு மணி நேரம். மூன்றாவது முதல் ஆறாவது பாஸேஜ் (புதுத் தட்டுக்குப் பிரித்து மாற்றுதல்) வரையுள்ள செல்களையே சோதனைக்கு எடுங்கள்.

மேட்ரிக்ஸ் படியவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் வைட்டமின் சி இருக்கும். கொலாஜனின் புரோலின்களை ஹைட்ராக்சிலேற்றம் செய்யும் நொதிக்கு அஸ்கார்பிக் அமிலம் தேவை. அது இல்லாவிட்டால் முப்புரி நிலைக்காது, கொலாஜன் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். ஸ்கர்வி நோயில் பல் ஆடுவதற்கும் இதுவே காரணம். ஆல்ஃபா-எம்இஎம் ஊடகத்தில் லிட்டருக்கு 50 மி.கி. அஸ்கார்பிக் அமிலம் உண்டுதான், ஆனால் திறந்து வாரக்கணக்கில் வைத்த பாட்டிலில் பெரும்பகுதி சிதைந்திருக்கும். மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் வீதம், ஊடகம் மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேருங்கள். அல்லது நீடித்து நிற்கும் அஸ்கார்பிக் அமில 2-பாஸ்பேட்டை வாங்குங்கள். பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டையும் டெக்சாமெதசோனையும் தவறிக்கூடச் சேர்க்க வேண்டாம். அவை இந்தச் செல்களைக் கனிமத்தைப் படியவைக்கும் பாதைக்குத் தள்ளும், பிறகு நீங்கள் பார்ப்பது பிடிஎல் மேட்ரிக்ஸ் அல்ல.

செல்கள் தட்டை நிரப்பிய பின் 7 முதல் 10 நாள் விடுங்கள். படிந்ததை மட்டும் பார்க்க வேண்டுமானால், பஃபரில் 0.5% ட்ரைட்டான், 20 மில்லிமோலார் அம்மோனியம் ஹைட்ராக்சைடு கலந்து 37 °செ.இல் சில நிமிடம் மெதுவாக ஊற்றி வைத்தால் செல்கள் கரைந்து மேட்ரிக்ஸ் விரிப்பு மட்டும் தட்டில் நிற்கும். நேராக நடுவில் ஊற்றினால் விரிப்பு சுருண்டு எழுந்துவிடும். கிணற்றின் சுவரோரமாக விடுங்கள், உறிஞ்சுவதையும் அங்கிருந்தே செய்யுங்கள். செல்லின் கருவைக் காட்டும் டாபி சாயத்தில் ஒரு கருவும் தெரியாவிட்டால் செல்கள் போய்விட்டன. அப்போது ஒளிரும் ஃபைப்ரோநெக்டினும் பெரியோஸ்டினும் செல்லுக்குள் சிக்கியவை அல்ல, வெளியே படிந்தவை.